வீட்டு பில் எல்லாம் போன்ல கட்டுறது: திருகோணமலையில இருந்து ஒரு நீண்டகால அனுபவம்

முதலே சொல்லிடுறன், பில் கட்டுறது ஒரு வேலையே இல்ல, அது அரை நிமிசத்தில முடியும். எந்த பில், ஆர்ட பேரில இருக்கு, ஆர்ட போனுக்கு வருது, கட்டினதுக்கு என்ன அத்தாட்சி, இதுதான் வேலை. எந்த ஆப் நல்லம் எண்டு கேக்கிறவைக்கு நான் பெரிசா ஒண்டும் சொல்றேல்ல, ஏனெண்டா நீங்க எதை வைச்சிருந்தாலும் கணக்கு இலக்கத்தையும் திகதியையும் ஒழுங்கா வைச்சிருக்காட்டி மாசக்கடைசியில மண்டை காயும்.

என்ட வீடு உப்புவெளிப் பக்கம், அம்மா உவர்மலையில தனிய இருக்கிறா. ரெண்டு வீட்டுக்கும் கரண்ட், ரெண்டு வீட்டுக்கும் தண்ணி, எங்கட பைபர் நெட், அம்மான்ட பழைய லேண்ட்லைன் (வெட்டுவம் எண்டு சொன்னாலே சண்டைக்கு வருவா, தங்கச்சி கனடாவில இருந்து அதுக்குத்தான் எடுக்கிறவளாம், அவள் வட்ஸ்அப்பில எடுக்கிறது வேற கணக்காம்), டிவி, போஸ்ட்பெய்ட் சிம், இன்சூரன்ஸ், அதோட சோலை வரி (நகரசபைக்குக் கட்டுற வீட்டு வரி). முந்தி இதையெல்லாம் ஒரு பொலித்தீன் பேக்கில போட்டுக்கொண்டு டவுனுக்கு இறங்குறது, சம்பளக் கிழமை எண்டா பேங்கில நிக்க இடமிருக்காது, பைக்கை மத்திய வீதியில விட இடமிருக்காது, விட்டிட்டு வந்தா ஹேண்டிலில கொழுவின பேக்கை மான் இழுத்துக்கொண்டு நிக்கும். வெளியூர்க்காரர் இதை நம்பமாட்டினம். எங்கட டவுன் மானுக்குப் புல்லும் பேப்பரும் ஒண்டுதான்.

2020 மார்ச்சில ஊரடங்கு போட்டதுதான் எனக்குத் தொடக்கம். வெளிய போகேலாது, மீட்டர் பார்க்க ஒருத்தரும் வரேலாது, பிறகு திறந்த கையோட நாலைஞ்சு மாசக் கணக்கு ஒண்டா வந்து விழுந்துது. அப்பதான் பேங்க் ஆப்பை ஒழுங்கா போட்டு, பில் பேமன்ட் எண்டொரு இடம் இருக்கிறதையே பார்த்தன். அண்டைக்கு கட்டினது கரண்ட் பில் மட்டும்தான், மற்றதெல்லாம் ஒவ்வொண்டா பிறகு சேர்ந்தது.

கரண்ட் பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவா சொல்லோணும். மின்சார சபையிட கணக்கு இலக்கம் பத்து இலக்கம். பேப்பர் பில்லுக்குப் பதிலா எஸ்எம்எஸ்ஸில எடுக்கோணும் எண்டா REG எண்டு அடிச்சு ஒரு இடைவெளி விட்டு கணக்கு இலக்கத்தைப் போட்டு 1987க்கு அனுப்ப வேண்டியதுதான், சுகமான வேலை. ஆனா அந்த மெசேஜ் எந்த போன்ல இருந்து பதிஞ்சீங்களோ அந்த போனுக்குத்தான் வரும். இங்க கன வீடுகளில மகன் பதிஞ்சு குடுத்திருப்பான், அவன் கட்டாருக்குப் போயிடுவான், சிம் செத்திடும், வீட்டில உள்ள ஆக்கள் "பில்லே வரேல்லயே" எண்டு இருப்பினம். கடைசியா சிவப்பு நோட்டீஸ் வந்தாப் பிறகுதான் ஓடித் திரியிறது. வீட்டில நிரந்தரமா இருக்கிற ஆள்ட நம்பரைத்தான் பதியோணும், அவைக்கு மெசேஜ் வாசிக்கத் தெரியாட்டிலும் பரவாயில்ல, போனை வாங்கிப் பார்க்கலாம்தானே.

மற்றது, சில ஆப்பில கணக்கு இலக்கத்தை அடிச்சா சொந்தக்காரர்ட பேரைக் காட்டும், சிலதில காட்டாது. காட்டாத ஆப்பில ஒரு இலக்கம் பிழைச்சா ஆர்ட வீட்டு பில்லையோ நீங்க கட்டி விட்டிருப்பீங்க. அதால புதுக் கணக்கொண்டை சேமிக்கேக்க முதல்ல 100 ரூபா மட்டும் கட்டிப் போட்டு, அது மீதியில குறைஞ்சிருக்கா எண்டு பார்த்தாப் பிறகுதான் முழுத் தொகையும் கட்டுறன். சேமிக்கிற பேரையும் "கரண்ட் 1, கரண்ட் 2" எண்டு வைக்காம "அம்மா வீடு கரண்ட்", "நம்மட வீடு தண்ணி" எண்டு வைக்கோணும். அம்மா வீட்டு பில் இண்டைக்கும் அப்பான்ட பேரிலதான் வருது, அப்பா போய்க் கனகாலம், மாத்தோணும் மாத்தோணும் எண்டு கிடக்கு. கட்டுறதுக்கு அது தடையில்ல, இலக்கம் சரியெண்டா காசு போய்ச் சேரும்.

பில்லை போன்ல வைச்சிருக்கிறதால வந்த உண்மையான லாபம் நேரம் இல்ல, ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2022 ஓகஸ்ட்டில கரண்ட் கட்டணத்தை சராசரியா 75 வீதம் ஏத்தினவை, 2023 பெப்ரவரியில திரும்ப 66 வீதம், பிறகு குறைச்சவை, 2025 ஜனவரியில 20 வீதம் குறைச்சு ஜூனில 15 வீதம் கூட்டினவை. இந்த ஏத்த இறக்கத்துக்குள்ள பில் கூடினது ரேட்டாலயா எங்கட பாவிப்பாலயா எண்டு தெரியோணும் எண்டா, ரூபாயைப் பார்த்து வேலையில்ல, யூனிட்டைப் பார்க்கோணும். 60 யூனிட்டைத் தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டுமில்ல, முதல் யூனிட்டில இருந்தே வேற ரேட்தான், நிலையான கட்டணமும் கூடும். அம்மா தனி ஆள், ஒரு பிரிட்ஜும் ஃபேனும்தான், 60க்கு இங்கால நிக்கிறதும் அங்கால போறதும் அவவுக்குப் பெரிய வித்தியாசம். ரீடிங் எடுக்கிறதுக்கு இடையில எத்தனை நாள் எண்டதையும் பாருங்கோ, நாள் கூடினா அந்த 60 யூனிட் எல்லையும் அதுக்கேத்த மாதிரி கூடும், அதால சும்மா பதறத் தேவையில்ல.

தண்ணியிலதான் இது பெரிசா உதவினது. அம்மா வீட்டு தண்ணி பில் எப்பவும் பத்து யூனிட்டுக்குக் கிட்டத்தான் நிக்கும். ஒரு மாசம் கூடினது, பங்குனி வெயில், பூக்கண்டுக்கு ஊத்தியிருப்பா எண்டு விட்டன். அடுத்த மாசம் இன்னும் கூடினது. பேப்பர் பில்லா இருந்தா அம்மா அதைப் போஸ்ட் ஒஃபிஸில கட்டிட்டு கம்பியில குத்தி வைச்சிருப்பா, எனக்கு இது தெரியவே வந்திராது. போன்ல ஒரே லைனில ஒண்டுக்குக் கீழ ஒண்டா கிடக்கக் கண்ணில குத்துது. ஒரு யூனிட் எண்டா ஆயிரம் லீற்றர், ஒரு கிழவி அவ்வளவு தண்ணியை என்ன செய்யிறது? ராவு எல்லா பைப்பையும் பூட்டிட்டு, டோர்ச்சோட போய் மீட்டர் மூடியைத் திறந்து பார்த்தன். கண்ணாடிக்குள்ள கறுப்பு நம்பர் அசையேல்ல, ஆனா பக்கத்தில இருக்கிற அந்தச் சின்னப் பற்சில்லு மெதுவா, விட்டு விட்டுச் சுத்திக்கொண்டிருந்துது. ஒரு இடத்தில தண்ணி போகுது எண்டதுக்கு அதுதான் சாட்சி. மேல் டாங்கிட போல் வால்வ் (டாங்க் நிறைஞ்சா தண்ணியைத் தானா நிப்பாட்டுற மிதவை வால்வ்) முழுசா பூட்டாம, ஓவர்ஃப்ளோ பைப்பால வழிஞ்சு வாழையடிக்குப் போயிருக்கு, அதான் அந்த வாழை அப்பிடி வளந்தது. வால்வை மாத்தின அடுத்த மாசம் பழைய கணக்குக்கு வந்துட்டுது. கந்தளாய்க் குளத்துத் தண்ணி சுத்திகரிச்சு, இவ்வளவு தூரம் பைப்பில வந்து எங்கட வாழைக்குப் பாயிறது எண்டா கொஞ்சம் மனவருத்தம்தான்.

அதுக்குப் பிறகு நான் செய்யிறது என்னெண்டா, வட்ஸ்அப்பில நான் மட்டும் இருக்கிற குரூப் ஒண்டு, பேர் "வீட்டு பில்". கட்டின உடனே ஸ்க்ரீன்ஷொட் அதுக்குள்ள, கீழ யூனிட்டையும் ஒரு வரி அடிச்சு விடுறன், மாசத்தில ஒருக்கா மீட்டர் போட்டோவும். எக்செல் எல்லாம் தொடங்கிப் பார்த்தன், சரிவரேல்ல, போனைத் திறந்த உடனே கைக்கு எட்டுற இடத்தில இருந்தாத்தான் தொடர்ந்து செய்வம். போன் துலைஞ்சா என்ன செய்யிறது எண்டு மனுசி கேட்டா, சரியான கேள்வி, அதால அவவையும் அந்த குரூப்பில சேர்த்தாச்சு.

காசு வெட்டுப்பட்டு பில்லில விழாத அனுபவமும் இருக்கு. ஒரு பேங்க் ஆப்பில (பேர் வேண்டாம்) நெட் சுத்திக்கொண்டே நிண்டு, "முயற்சி தோல்வி" எண்டு காட்டிட்டு எக்கவுன்டில காசைக் கழிச்சு விட்டுது. இப்பிடி வந்தா உடனே திரும்பக் கட்டாதேங்கோ. நான் பொறுத்திருந்தன், ரெண்டு வேலை நாளுக்குள்ள காசு திரும்பி வந்துது. வராட்டி அந்த ரெஃபரன்ஸ் நம்பரோட கோல் எடுக்கோணும், நம்பர் இல்லாம கோல் எடுத்தா லைனில பாட்டுக் கேக்கிறது மட்டும்தான் மிச்சம். கடைசித் திகதியில கட்டப்போறவைக்கு இந்த ரெண்டு நாள் ரெண்டு வருசம் மாதிரி இருக்கும், அதால ரெண்டு மூண்டு நாள் முந்தியே கட்டுங்கோ. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் டவர் பேட்டரியும் செத்து சிக்னலும் போய், கரண்ட் பில் கட்டுறதுக்குக் கரண்ட் வரும் வரைக்கும் காத்திருந்த கூத்தும் நடந்தது.

பேங்க் ஆப்புக்கு மேலதிகமா ஒரு வாலட் ஆப்பும் வைச்சிருக்கிறன், ஜஸ்ட்பே (பேங்க் எக்கவுன்டில இருந்து நேரா கட்டுற முறை) வழியா பேங்க் எக்கவுன்டை இணைச்சது, ஒண்டு படுத்தா மற்றது எழும்பும். கொமினிகேஷன் கடையில குடுத்துக் கட்டுறதும் பிழையில்ல, ஒரு சின்னக் காசு எடுப்பினம், ஆனா ரிசீட்டைக் கவனமா வைக்கோணும், அந்தச் சூட்டுக் காகிதம் ஒரு வருசத்தில வெள்ளையாப் போயிடும். எழுத்து மங்க முந்தி போட்டோ எடுங்கோ.

ஓட்டோமேட்டிக்கா கட்டுறது எனக்கு அரைவாசிதான் பிடிக்கும். நெட் பில்லுக்கும் இன்சூரன்ஸுக்கும் போட்டிருக்கிறன், தொகை மாறாது. கரண்ட், தண்ணிக்குப் போடமாட்டன். தானா வெட்டுப்பட்டா ஆரும் பார்க்கமாட்டினம், போல் வால்வ் கதை அப்ப இன்னும் எத்தனை மாசம் ஓடியிருக்குமோ. நெட் பில்லிலயும் ஒருக்கா கண் வையுங்கோ, 2024 ஜனவரியில வற் 15ல இருந்து 18 வீதமானது, விளம்பரத்தில போடுற விலை வேற, வரியெல்லாம் ஏறி வாறது வேற.

அம்மா இண்டைக்கும் முழுசா ஒத்துக்கொள்ளேல்ல. "உந்தப் போன்ல காசு போனதுக்கு என்ன அத்தாட்சி மகன், ஒரு சீல் இல்ல, ஒரு கையெழுத்து இல்ல" எண்டு கேப்பா. நான் ஸ்க்ரீன்ஷொட்டைக் காட்டினா கண்ணாடியைப் போட்டு வாசிச்சிட்டு "இதை நீயே கீறியிருக்கலாம்தானே" எண்டுவா. அவ சொல்றதிலயும் ஞாயம் இருக்கு, இப்ப ஸ்க்ரீன்ஷொட் மாத்தி ஏமாத்திற ஆக்களும் இருக்கினம், எங்கட மேல் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற சித்தப்பா இதால ஒருக்கா பட்டவர். ஸ்க்ரீன்ஷொட்டை நம்பாம அடுத்த பில்லில மீதியைப் பாருங்கோ. அம்மாவுக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறன், லேண்ட்லைன் பில்லை மட்டும் அவவே போஸ்ட் ஒஃபிஸில கட்டுவா. அவவுக்கு அது பில் கட்டுற பயணம் இல்ல, நாலு பேரைக் காணுற பயணம், அதில நான் தலையிடுறேல்ல.

வெளிநாட்டில இருந்து வீட்டு பில்லைக் கட்ட நினைக்கிறவைக்கு: இங்கத்தைய கன பேங்க் ஆப்புக்கு ஓடிபி இலங்கை சிம்முக்குத்தான் வரும், ரீலோட் பண்ணாம விட்டா சிம் போயிடும், பிறகு ஆப்பும் போச்சு. தங்கச்சிக்கு அதுதான் நடந்தது. மின்சார சபையிட வெப்சைட்டில கணக்கு இலக்கத்தை அடிச்சு விசா, மாஸ்டர் கார்ட்டால கட்டலாம், அவள் இப்ப அம்மாட கரண்ட் பில்லை அப்பிடித்தான் கட்டுறாள். முதல் மாசம் எனக்குச் சொல்லாம கட்டி, நானும் கட்டி, ரெண்டு தரம் விழுந்துது. காசு எங்கயும் போகேல்ல, அடுத்த பில்லில கழிஞ்சது, ஆனா இப்ப அவளும் "வீட்டு பில்" குரூப்பில.

கள்ள மெசேஜும் கூடிப்போச்சு. "உங்கட பில் நிலுவை, இந்த லிங்க்கில கட்டுங்கோ", "பார்சல் வந்திருக்கு, சின்னக் கட்டணம் கட்டுங்கோ" எண்டு வரும். லிங்க்கைத் தொடாம நீங்களே ஆப்பைத் திறந்து நிலுவை இருக்கா எண்டு பாருங்கோ, ஓடிபியை பேங்க் எண்டு சொல்லிக் கேட்டாலும் குடுக்க வேண்டாம். கார்ட் விபரம் குடுபட்டிட்டுது எண்டா முதல் வேலை பேங்குக்கு எடுத்து கார்டை நிப்பாட்டுறது, பிறகு இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட்டுக்கு (CERT) 101.

சோலை வரிக்கு மட்டும் நான் இன்னும் கவுன்டருக்குத்தான் போறன். முழு வருசத்தையும் ஜனவரி 31க்கு முதல் கட்டினா 10 வீதம் கழிவு, காலாண்டா கட்டினா ஒவ்வொரு காலாண்டிலயும் முதல் மாசத்துக்குள்ள 5 வீதம், இதைக் கன பேர் எடுக்காமலே விடுகினம். 2025 பெப்ரவரியில தொடங்கின கவ்பேயில (அரசாங்கத்துக்குக் கட்டுறதை ஒன்லைனில கட்டுற முறை) அரச நிறுவனங்கள் ஒவ்வொண்டா சேர்ந்து வருது, எண்டாலும் எங்கட காணிப் பத்திரத்தில ஒரு இலக்கமும் பழைய பற்றுச்சீட்டில வேற இலக்கமும் கிடக்கு, அதை முதல்ல கவுன்டரில இருக்கிற ஆளோட கதைச்சு நேராக்கோணும். அது சரிவந்தா ஜனவரியில அதையும் போனுக்கு மாத்திடுவன், அப்பான்ட பேரில இருக்கிற கரண்ட் பில்லையும் அதோட சேர்த்து மாத்தச் சொல்லி மனுசி நாள் குறிச்சிருக்கிறா.