சர்வர்ல புது கார்டு போட்டும் நெட்வொர்க் இழுக்குதா? டிரைவரா, கேபிளா, இன்டெல் கார்டா

கடலூர் முதுநகர்ல ஒரு ஃபிளெக்ஸ் பிரின்டிங் கடை. ஐப்பசி மழையில இடி இறங்கி சர்வரோட ஆன்போர்டு லேன், அதாவது போர்டுலயே இருக்குற நெட்வொர்க் போர்ட், போயிடுச்சு, நான் போய் ஒரு ரியல்டெக் ஜிகாபிட் (செகண்டுக்கு 1000 மெகாபிட்) நெட்வொர்க் கார்ட சொருகிட்டு வந்தேன். மறுநாள் காலையிலயே கடைக்கார அண்ணன்கிட்டருந்து போன். "தம்பி, பேனர் ஃபைல் திறக்குறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம் போல இருக்கே, டூப்ளிகேட் கார்ட போட்டுட்டியா?"

இந்த இடத்துல ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க, டிரைவர மாத்து, ஸ்பீட ஃபிக்ஸ் பண்ணு, கேபிள மாத்து, பேசாம இன்டெல் வாங்கிடுன்னு. எதுல கை வைக்கலாம்னு பாக்குறதுக்கு முன்னாடி ஐபெர்ஃப்3ன்னு நெட்வொர்க் வேகத்த மட்டும் அளக்குற புரோகிராம ஓட்டி ஒரு நம்பர எடுங்க, ஃபைல் காப்பி பண்ணி பாத்தா ஹார்ட் டிஸ்க்கோட வேகமும் அதுல கலந்துடும். ஒழுங்கான ஜிகாபிட்ல 940 மெகாபிட் கிட்ட வரணும். இங்க வந்தது 94. இந்த நம்பர் வந்தாலே கார்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல இருக்குற லிங்க் 100 மெகாபிட்ல நிக்குதுன்னு அர்த்தம், அங்க போய் டிரைவர நோண்டுறது தலைவலிக்கு முட்டியில தைலம் தேய்க்கிற கத.

ஸ்பீட ஃபிக்ஸ் பண்றதுதான் இருக்கறதுலயே மோசம். ரெண்டு பக்கமும் தானா பேசி வேகத்த முடிவு பண்றதுதான் ஆட்டோ நெகோஷியேஷன், சர்வர்ல அத ஆஃப் பண்ணி 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு (ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும்) வெச்சா, எதிர்ல இருக்குற சாதா சுவிட்ச் ஆட்டோவுலயே இருக்கும், அதுக்கு பதில் கிடைக்காததால ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்) இறங்கிடும், பிங் நல்லா போகும் ஆனா ஃபைல் காப்பி நொண்டும். போதாக்குறைக்கு காப்பர் கேபிள்ல ஜிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம்.

டிரைவர் மாத்துறது எப்பன்னா லிங்க் 1000ன்னு காட்டியும் வேகம் வராதப்ப. ரியல்டெக் கார்டுக்கு லினக்ஸ்லயே வர்ற ஆர்8169 டிரைவரா, தனியா போடுற ஆர்8168ஆன்னு கேட்டா நான் முதல்ல கூடவே வர்றதத்தான் நம்புவேன், தனியா போட்டது லினக்ஸோட மையமான கெர்னல் அப்டேட் ஆகும்போது சரியா பில்ட் ஆகலைன்னா மொத்த நெட்வொர்க்கும் அம்பேல். ஒரு பக்கம் போறது மட்டும் ஸ்லோன்னா, ஐபெர்ஃப்ல பெரிய எழுத்து ஆர் (-R) ஆப்ஷன் போட்டு திருப்பி ஓட்டி உறுதி பண்ணிக்கிட்டு, சிபியு வேலைய கார்டே பாத்துக்குற ஆஃப்லோட் செட்டிங்க ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி பாக்கலாம், சிபியு லோடு கொஞ்சம் ஏறும்.

சரி, கடைக்கு வருவோம். லிங்க் வேகத்த காட்டுற எத்டூல் கமாண்ட போட்டா ஸ்பீடு 100. கெர்னல் லாக பாத்தா சிரிப்புதான் வந்துச்சு, டவுன்ஷிஃப்ட் ஆகியிருக்கு, அதாவது வேகம் கீழ இறங்கியிருக்கு, கேபிள செக் பண்ணுன்னு அதுவே எழுதி வெச்சிருக்கு! நான்தான் படிக்கல. 100க்கு ரெண்டு ஜோடி கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும், ஒண்ணு கோளாறானாலும் கார்டு முயற்சி பண்ணி பாத்துட்டு 100க்கு இறங்கிக்கும். சுவத்து ஜாக்க கழட்டி டார்ச் அடிச்சா ஏழாவது எட்டாவது பின்னு ரெண்டும் பச்ச பச்சையா பூத்து கெடக்கு. கடல் காத்து! கார்டு மாத்துறப்ப சர்வர் பொட்டிய நான் இழுத்ததுல அதுவரைக்கும் ஒட்டிக்கிட்டு இருந்த தொடர்பும் போயிருக்கு, கார்டு மேல ஒரு தப்பும் இல்ல.

அண்ணன் அதுக்குள்ள பாண்டிச்சேரி போய் இன்டெல் கார்டே வாங்கிடலாமான்னு கிளம்பிட்டாரு. பழைய சர்வர்ல கழட்டுன இன்டெல் கார்டு நல்ல சரக்குதான், ராத்திரி பகலா டிராஃபிக் ஓடுற இடத்துல, விர்ச்சுவல் மெஷின் நாலஞ்சு ஓடுற இடத்துல நானே அதத்தான் போடுவேன். ஆனா அதுலயும் போலி நடமாடுது, அதோட இந்த ஜாக்குல எந்தக் கார்ட சொருகினாலும் 94தான். புது ஜாக் அடிச்சு, ரெண்டு பேட்ச் கேபிள் மாத்தினேன், 938 வந்துச்சு, ஒன்றரை நிமிஷம் இழுத்த ஒரு ஜிபி ஃபைல் பத்து செகண்டுக்குள்ள வந்து விழுந்துடுச்சு.

இன்டெல்லுக்கு வெச்சிருந்த காசுல எர்த்திங்க பாருங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்தேன், அடுத்த இடிக்கு இந்தக் கார்டும் போகாம இருக்கணுமே. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றேன்னு சொல்லி இன்னையோட மூணு வாரம்.