கும்பகோணத்தில் ஒரு ஸ்பானிய வகுப்பு: ‘பேசியிருப்பேன்’ பாடத்தை முன்வைத்து

கும்பகோணத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடைபெறும் ஸ்பானிய மொழி வகுப்பில் ஆறு மாதம் பயின்றேன். தொடக்கப் பாடங்களில் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. ஆனால், நடந்திருக்கக்கூடியதும் நடவாமற்போனதுமான ஒன்றைச் சொல்லும் வினைவடிவத்தை ஆசிரியை நடத்திய விதத்துக்காகவே இவ்வகுப்பைப் பரிந்துரைக்கிறேன்.

“ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்திருந்தால் குறுவை பயிரிட்டிருப்போம்” என்று கரும்பலகையில் எழுதி, இறுதிச் சொல்லைப் ‘பயிரிட்டு’, ‘இருப்போம்’ என இரண்டாகப் பிரித்தார். ஸ்பானியத்திலும் இதே இரண்டு துண்டுகள்தாம். வரிசை மட்டும் தலைகீழ். துணைவினையான ‘அப்ரீயாமோஸ்’ முன்னே வர, ‘குல்திபாதோ’ என்ற எச்சம் பின்னே வரும். ஒழுங்கான வினைகளில் ‘ஆர்’ என முடிவது ‘ஆதோ’ ஆகும். ‘ஏர்’, ‘ஈர்’ என முடிபவை ‘ஈதோ’ ஆகும். எனவே பேசுதலாகிய அப்லார் ‘அப்லாதோ’ என்றும், உண்ணுதலாகிய கோமேர் ‘கோமீதோ’ என்றும், வாழ்தலாகிய பிபீர் ‘பிபீதோ’ என்றும் மாறும். நம் ‘பேசி’யைப் போலவே இந்த எச்சமும் ஆள் பார்த்து மாறுவதில்லை. நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் மாறுவது துணைவினைதான்: அப்ரீயா, அப்ரீயாஸ், அப்ரீயா, அப்ரீயாமோஸ், அப்ரீயாய்ஸ், அப்ரீயான். ‘நான்’, ‘அவர்’ இரண்டுக்கும் ‘அப்ரீயா’ என்ற ஒரே வடிவம் வருவதால், ஐயம் எழும் இடத்தில் ‘யோ’ என்று ‘நானை’ வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாம் ‘பேசித்தான் இருப்பேன்’ என்று நடுவே ஒன்றைச் செருகுவதுபோல அங்கே செருக முடியாது. மறுக்கும் ‘நோ’கூடத் துணைவினைக்கு முன்னால்தான் நிற்கும்.

அச்சிட்டுத் தரும் குறிப்பேடு இந்தத் தரத்தில் இல்லை. துணைவினையின் தொடக்கத்தில் எழுதப்பட்டாலும் ஒலிக்கவே கூடாத ‘h’ எழுத்துக்கு ‘ஹ’ இட்டு ‘ஹப்ரியா’ என்று பல பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தமிழில் ‘பேசியிருப்பார்’ என்பதற்கு இரண்டு பொருள். “இந்நேரம் பேசியிருப்பார்” என்பது ஊகம். அதற்கு ஸ்பானியத்தில் ‘அப்ரா அப்லாதோ’ வரும். “கேட்டிருந்தால் பேசியிருப்பார்” என்பது நடவாதது. அதற்குத்தான் ‘அப்ரீயா அப்லாதோ’. தமிழ்வழிக் கற்பித்தலையே தன் பலமாகக் கொண்ட வகுப்பு இந்த வேறுபாட்டைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் மூன்று வாரம் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவந்தேன். கேட்டபோது ஆசிரியை சிறிதும் முகம் சுளிக்காமல் அடுத்த ஞாயிறு முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். குறிப்பேட்டில் மட்டும் அது இன்னும் ஏறவில்லை. புதிதாகச் சேர்பவர்கள் இப்பாடம் வரும் நாளில் அந்த விளக்கத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.