ரெட்டினாலா, ட்ரெட்டினாயினா?

முகப்பருவுக்கும் சுருக்கங்களுக்கும் தோலில் பூசும் இவை இரண்டும் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் இவற்றுள் தோல் செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு (சைகையை ஏற்கும் புரதங்களோடு) நேரடியாக இணைந்து, மேல்தோலின் அடியடுக்கில் செல்கள் விரைந்து பெருகி, முதிர்ந்து மேலெழச் செய்வது ட்ரெட்டினாயின் எனப்படும் ரெட்டினாயிக் அமிலமே. சீரமாக விற்கும் ரெட்டினாலோ, செல்லுக்குள் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு அந்த அமிலமாகவும் மாறிய பின்னரே வேலை செய்கிறது. வழியில் கணிசமான பகுதி சேமிப்பு வடிவத்துக்குப் போய்விடுவதால் வீரியம் குறைகிறது, எரிச்சலும் குறைகிறது.

முகப்பருவுக்கு என் தேர்வு, மருத்துவர் சீட்டுடன் வாங்கும் 0.025 சதவீத ட்ரெட்டினாயின்தான். மயிர்க்கால் வாயில் செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்வதை அது தளர்த்துகிறது. முதல் சில வாரங்களில் மூக்கோரமும் வாயோரமும் சிவந்து உரியக்கூடும் என்பதால், பட்டாணி அளவு களிம்பை, முகம் நன்றாக உலர்ந்த பிறகு, இரவில் மட்டும் பூச வேண்டும். மெல்லிய சுருக்கங்களுக்கு, பொறுமை உள்ளவர்களுக்கு ரெட்டினால் போதும். கர்ப்பிணிகள் இரண்டையுமே தவிர்க்க வேண்டும்.