சித்தப்பாவுக்கு செகண்ட் ஹேண்ட் கார்: வேகன் ஆரா, ஐ10ஆ?

சித்தப்பாவுக்கு முட்டி வலி, ஊருக்குள்ள கடை, கோயில், மாசம் ஒருவாட்டி மதுரை ஆஸ்பத்திரி, அவ்ளோதான் ஓட்டம். இந்த கணக்குக்கு 2010க்கு அப்புறம் வந்த வேகன் ஆர் தான் என் சாய்ஸ், ஏன்னா சீட்டு உசரம், ரொம்ப குனியாம ஏறி உக்காந்துரலாம், 998 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின், உள்ள வால்வ இயக்குறது ரப்பர் பெல்ட் இல்லாம டைமிங் செயின்ங்கிறதால பெல்ட் மாத்துற செலவு இல்ல, எந்த சின்ன ஊர் மெக்கானிக்கும் கண்ண மூடிட்டு வேலை பாப்பாரு, ஸ்பேரும் சல்லிசு. ஆனா வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடும்போது லேசா அதிரும், ஹைவேல காத்தடிச்சா கொஞ்சம் ஆடும்.

ஐ10 ஓட்ட சொகுசு, நாலு சிலிண்டர், சத்தம் கம்மி, உள்ள ஃபினிஷிங்கும் நல்லாருக்கும். வாங்குனா 1.2 கப்பா இன்ஜின் பாருங்க, 1.1ல டைமிங் பெல்ட், எப்ப மாத்துனாங்கன்னு பில்லு கேளுங்க, அறுந்தா பெரிய செலவு. சீட்டும் தாழ்வு, சித்தப்பா இறங்குறதுக்குள்ள ஒரு முனகல் வந்துரும்.

எதுவா இருந்தாலும் ஆர்சி (வண்டி ரெஜிஸ்ட்ரேஷன்) 15 வருஷம் தான், அதனால 2012 மாடல்னா ரினியூவல் செலவையும் விலையில கழிச்சு பேசுங்க, லோன் வண்டின்னா கடன் முடிஞ்சிருச்சுன்னு பேங்க் குடுக்குற என்ஓசி லெட்டர கண்ணால பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க (பாலிஷ் போட்டு பளபளன்னு நின்னாலும் தான்).