ரீப்பரோடு வரும் ப்ளக்-இன்களே ஒரு பாட்டை முடிக்கப் போதுமா?

போதும். ரிவெர்ப் (அரங்கத்து எதிரொலியைச் சேர்ப்பது) ஒன்றைத் தவிர. காசு கொடுத்து வாங்கிய எதையும் தொடாமல், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு, மிக்ஸிங் மென்பொருளோடு கூடவே வரும் ரியா வரிசை ப்ளக்-இன்களை (ஒலியைத் திருத்தும் துணைக் கருவிகளை) மட்டும் வைத்து ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை மிக்ஸ் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 5 கட்டை சுருதியில் ஒரு பெண் குரல், மிருதங்கம், வயலின், அகூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், பின்னால் மெல்லியதாக ஒரு சிந்த் பேட் (நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் ஒலி), அவ்வளவுதான் பாட்டு.

ரீப்பரை எழுதியது காக்கோஸ் என்ற சின்ன நிறுவனம், அந்தக் காலத்து வினாம்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கியது. எந்த வசதியும் பூட்டப்படாமல் 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், அப்புறம் தனி ஆள் லைசென்ஸ் 60 டாலர். ப்ளக்-இன்களின் முகம் சாம்பல் நிறத்தில் வறட்சியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு ஒதுக்காதீர்கள்.

ஈக்வலைசரான ரியாஈக்யூவில் எத்தனை பேண்ட் (கூட்டவோ குறைக்கவோ தேர்ந்தெடுக்கும் அதிர்வெண் பகுதி) வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குரலில் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை குறைத்துவிடு, மந்தம் போய்விடும் என்று யூடியூபில் பத்துப் பேர் சொல்வார்கள். 5 கட்டையில் பாடும் பெண் குரலுக்கு சட்ஜமம் 196 ஹெர்ட்ஸ், பஞ்சமம் கிட்டத்தட்ட 294. அந்த இடத்தில் கை வைத்தால் பாடகி நின்று நிலைக்கிற இரண்டு ஸ்வரங்களும் மெலிந்துபோகும், பாட்டின் முதுகெலும்பே அதுதான். குரலை விட்டுவிட்டு அதே இடத்தைக் கிட்டாரிலும் பேடிலும் குறைத்துப் பாருங்கள். மந்தமும் போகும், சட்ஜமமும் தடிமனாக நிற்கும். குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதோடு நான் கிட்டத்தட்ட நிறுத்திக்கொண்டேன்.

இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, சத்தம் கூடும்போது தானாகக் குறைக்கும் கம்ப்ரஸரான ரியாகாம்ப். காரணம் அதன் டிடெக்டர், எப்போது குறைக்க வேண்டும் என்று கேட்டு முடிவு செய்யும் பகுதி. மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்து ஒலிக்கும் இடது பக்கம்) பேஸ் கிட்டாரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும், இது நம் பாட்டுகளில் எப்போதும் வரும் தலைவலி. மிருதங்க டிராக்கிலிருந்து பேஸ் டிராக்கின் 3/4 சேனலுக்கு ஒரு சென்ட் (ஒலியின் நகலை அனுப்பும் வழி) போட்டு, பேஸில் இருக்கும் ரியாகாம்பின் டிடெக்டரை ஆக்சிலரி இன்புட்டுக்கு மாற்றினால் மிருதங்கம் அடிக்கும்போது பேஸ் ஒதுங்கும். ஆனால் வலந்தலையில் (வலது பக்கத்தில்) வேகமாகச் சொற்கள் விழும்போதும் பேஸ் துடிதுடிக்கும், கேட்கவே சங்கடமாக இருக்கும். அதே ப்ளக்-இன்னில் டிடெக்டருக்கென்று ஒரு லோபாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) இருக்கிறது, அதை 150 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிவிட்டால் தொப்பி விழுந்தால் மட்டும் பேஸ் வழிவிடும், வலந்தலையை அது கண்டுகொள்ளவே செய்யாது. பிரிவியூ ஃபில்டரை டிக் செய்தால் டிடெக்டருக்கு என்ன போகிறது என்பதையே காதால் கேட்டுச் சரிபார்க்கலாம். இவ்வளவு வசதி கூடுதல் காசில்லாமல் வருகிறது என்பது பெரிய விஷயம்.

குரலுக்கு ஒரே கம்ப்ரஸரைப் போட்டு நசுக்காமல் இரண்டு போடுங்கள், முதலாவது வேகமாக உச்சங்களை மட்டும் பிடிக்க, இரண்டாவது மெதுவாக, 2:1 அளவில். அதற்கும் முன்னால் ப்ரீ-எஃப்எக்ஸ் வால்யூம் என்வலப்பில் (ப்ளக்-இன்களுக்கு முன்பே ஒலி அளவை மாற்றும் கோட்டில்) வரிவரியாக ஏற்றி இறக்கிவிட்டால் கம்ப்ரஸருக்குப் பாதி வேலை குறையும்.

தனி டீஎஸ்ஸர் (ஸ, ஷ சீற்றத்தைக் குறைப்பது) ரியா வரிசையில் கிடையாது. பல பேண்ட் கம்ப்ரஸரான ரியாஎக்ஸ்காம்பில் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு பேண்டை ஒதுக்கி அந்த வேலையை வாங்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டில் பதிவான வயலினில் ஃபேன் இரைச்சல் இருந்தது, ரியாஃபிர் சப்ட்ராக்ட் மோடில் (கற்ற இரைச்சலைக் கழிக்கும் முறையில்) அதை நன்றாகவே எடுத்தது. வாசிப்பு இல்லாத இடத்தை ஓட்டி இரைச்சலைக் கற்றுக்கொடுத்ததும், தானாகக் கற்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வயலினையும் இரைச்சல் என்றே நினைத்துத் தின்றுவிடும்.

சுருதி திருத்தும் ரியாடியூனைப் பற்றி எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக் கரெக்ஷனைப் போட்டால் கமகம் செத்துவிடும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே குரல் வழுக்கிப் போவதுதான் ராகம், அந்த வழுக்கலை அது பிழை என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டாக வெட்டும். சுருதி பிசகிய நீண்ட ஸ்வரம் ஏதாவது இருந்தால் மேனுவல் பகுதியில் அதை மட்டும் கோடு இழுத்துத் திருத்துங்கள், அசைகிற இடங்களைத் தொடாதீர்கள்.

இனி ரிவெர்ப். ரியாவெர்பேட் குரலில் தகரம் தட்டுவது போல் ஒலிக்கிறது, குறைவாக வைத்தாலும் எதிரொலி மங்கும் வால் பகுதியில் அது தெரிகிறது. ரியாவெர்ப் நல்ல கன்வல்யூஷன் ரிவெர்ப்தான் (உண்மையான இடத்தின் எதிரொலிப் பதிவை வைத்து வேலை செய்வது), ஆனால் அந்தப் பதிவுகளான இம்பல்ஸ் ஃபைல்களை நீங்கள்தான் தேடிக் கொண்டுவர வேண்டும். நல்ல அரங்கத்தின் ஃபைல் ஒன்று கிடைத்ததும் வயலின் உடனே உயிர்பெற்றது. பேடுக்கு விரிந்த வெளி வேண்டுமென்றால் வல்ஹல்லாவின் சூப்பர்மாசிவ் இலவசமாகவே கிடைக்கிறது, குரலுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. குரலுக்கு மட்டும் ஒரு நல்ல ரிவெர்ப்பைக் காசு கொடுத்து வாங்குவதில் தப்பே இல்லை.

கடைசியில் மாஸ்டரில், ஒலி உச்சத்தைத் தடுக்கும் ரியாலிமிட், மேல்வரம்பு -1 டெசிபல். ஸ்பாட்டிஃபை -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்படுத்துவதால் அதற்கு மேல் முட்டித் தள்ளி மிருதங்கத்தின் அடியைச் சப்பையாக்க வேண்டிய அவசியமில்லை.

வேறு மென்பொருளில் வேலை செய்பவர்கள், விண்டோஸ் என்றால், ரியாபிளக்ஸ் என்ற தொகுப்பைக் காக்கோஸ் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரியாகாம்ப், ரியாஈக்யூ, ரியாஎக்ஸ்காம்ப், ரியாஃபிர் எல்லாம் அதில் உண்டு, ரியாடியூனும் ரிவெர்ப்களும் கிடையாது.