எஸ்ஏஎஸ்2008 ஹெச்பிஏ கார்டு: லினக்ஸில் நீண்ட நாள் அனுபவம்

நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவின் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எட்டு ஹார்ட் டிஸ்க், அவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் ஜெட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், எல்லாம் ஐடி மோடில் (டிஸ்குகளை ரெய்டாகச் சேர்க்காமல் அப்படியே சர்வருக்குக் காட்டும் மோடு) இருக்கும் இந்த ஒரே எஸ்ஏஎஸ்2008 ஹெச்பிஏ, அதாவது டிஸ்குகளைச் சர்வரோடு இணைக்கும் கார்டில் ஓடுகிறது. நல்ல கார்டு. ஆனால் எரர் வந்த உடனே ஃபர்ம்வேரில், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில் கை வைக்காதீர்கள், முதலில் சூட்டையும் கேபிளையும் பாருங்கள்.

சித்திரை வெயிலில் ஸ்க்ரப் (டிஸ்குகளில் உள்ள டேட்டாவை எல்லாம் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடும்போது மட்டும் டிஸ்குகள் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தன. டிஸ்க்கை மாற்றச் சொன்னார்கள். கர்னல் லாகை, அதாவது லினக்ஸ் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தால் எட்டும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது, எட்டும் ஒன்றாகக் கெட்டுப்போக வாய்ப்பே இல்லை. ஒரு டிஸ்க் மட்டும் என்றால் அந்த டிஸ்க் அல்லது அதன் வயர், ஒரே கனெக்டரில் இருக்கும் நான்கும் என்றால் கேபிள், எட்டும் என்றால் கார்டு அல்லது பவர், பெரும்பாலும் இப்படித்தான். இது காற்று பாய்ந்துகொண்டே இருக்கும் ரேக் சர்வருக்காகச் செய்த கார்டு; சாதாரண கேபினெட்டில் ஹீட்சிங்க் தொட முடியாத சூடு, சிப்பும் தன் வெப்பநிலையைச் சொல்லாது. ஹீட்சிங்க் மேல் சின்ன ஃபேன் ஒன்று வைத்தோம், ரீசெட் நின்றது.

அப்புறம் ஐப்பசி மழையில் நான்கு டிஸ்குகளில் மட்டும் ஸ்மார்ட் 199, அதாவது கேபிள் வழியே போகும் டேட்டாவில் பிழை வந்த தடவைகளை டிஸ்க்கே எண்ணிவைக்கும் சிஆர்சி எண்ணிக்கை ஏறியது. கடல் காற்று அடிக்கிற ஊரில் கனெக்டர் கறுத்துப்போவது சகஜம்தானே, கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, மேலே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஃபர்ம்வேர். பதிப்பைத் தெரிந்துகொள்ளத் தனி டூல் வேண்டாம், பூட் ஆகும்போது டிரைவரே லாகில் எழுதிவிடும். கர்னல் 4.4-இலிருந்து இந்தக் கார்டின் எம்பிடி2சாஸ் டிரைவர் எம்பிடி3சாஸுக்குள் சேர்ந்துவிட்டது, ஆனாலும் லாகில் பழைய பெயரையே தேடுங்கள். ஃபர்ம்வேர் 20 வரிசையின் தொடக்கப் பதிப்புகளைப் பற்றிப் பலரும் புகார் சொல்லியிருக்கிறார்கள், 20.00.07.00 இருந்தால் போதும். யுஇஎஃப்ஐ ஷெல்லில் (லினக்ஸ் தொடங்கும் முன்பே கிடைக்கும் கமாண்ட் திரை) சாஸ்2ஃப்ளாஷ் என்ற டூலை வைத்து ஏற்றலாம். கார்டின் ஸ்டிக்கரில் உள்ள சாஸ் அட்ரஸை, அதாவது அதன் தனி அடையாள எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பழையதை அழித்தபிறகு புதியது ஏறும்வரை ரீபூட் கூடவே கூடாது. இந்த டிஸ்குகளிலிருந்து பூட் செய்யவில்லை என்றால் கார்டின் பயாஸ் ஃபைலை ஏற்றாமல் விடுங்கள், சர்வர் சீக்கிரம் எழும்பும்.

ஹார்ட் டிஸ்குக்கு இந்தக் கார்டின் 6 ஜிகாபிட் வேகம் தாராளம். எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால் இதை வாங்க வேண்டாம், ட்ரிம் (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) பல எஸ்எஸ்டிகளில் வேலை செய்யாது.