சதுரகிரியா, குரங்கணியா, வெள்ளகவியா? மதுரையிலிருந்து ஒரே நாளில் ஏற எது சரி

விடிவதற்கு முன் மதுரையில் கிளம்பி, மேலே தொட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும் என்றால் மேற்கே மூன்று ஏற்றங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி. போடிக்கு மேலே குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் பக்கம். பெரியகுளத்தை ஒட்டிய கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி ஊர் வழியாக, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல். எது உயரம் என்று கேட்டுத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் முதலில் கேட்பது வேறு: ஏறி முடித்த இடத்தில் பஸ் கிடைக்குமா, வந்த வழியே இறங்கியாக வேண்டுமா? முழங்கால் விட்டுப்போவதும் இருட்டில் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

வட்டக்கானலில் ஏறி முடித்தால் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸிலேயே மதுரை திரும்பலாம். அந்தக் கணக்கில் வெள்ளகவிக்கே எங்கள் ஓட்டு. கொடைக்கானலுக்கு ரோடு வருவதற்கு முன்பிருந்தே கால்நடையாகப் புழங்கிய தடம் இது. 1821இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்ட், வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். அடிவாரத்திலிருந்து வட்டக்கானல் வரை 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம். இமயமலைக்கோ ஆல்ப்ஸுக்கோ போகத் தயாராகிறவர்களுக்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. காற்று மெலிந்து தலை சுற்றும் தொல்லை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் இங்கே அந்தக் கவலை இல்லை. இங்கே ஆளைச் சாய்ப்பது அடிவார வெயில்.

நேரத்தை இப்படிக் கணக்கிடுங்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி. வெள்ளகவித் தடத்தை 15 கிலோமீட்டர், 1,500 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் ஐந்தரை மணி நேரம் வரும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கும் முதுகுச் சுமைக்கும் ஒன்றரை மடங்காக்கி, எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வட்டக்கானலிலிருந்து இறங்கினால் சுலபம்தானே என்று தலைகீழாகப் போகிறவர்கள் உண்டு. மதுரையிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேரவே நான்கு மணி நேரம் ஆகும். பாதி நாள் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். குளிரில் தொடங்கி உச்சி வெயிலுக்குள் இறங்குவீர்கள். 1,500 மீட்டர் இறக்கத்தில் தொடைத் தசை தளர்ந்து, கால் நடுங்கத் தொடங்கும். கட்டைவிரல் ஷூவின் முன்பக்கத்தில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். இறங்கியே ஆக வேண்டிய இடங்களில், குதிகாலை ஷூவின் பின்பக்கம் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் அருகே லேஸை இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். விரல்கள் அசைய வேண்டும், குதிகால் அசையக் கூடாது.

வெள்ளகவி ஊருக்குள் செருப்பு, ஷூ போடக் கூடாது. அந்த ஊர்க் கட்டுப்பாடு அது. எல்லையில் கழற்றும்போதே ஈரக் காலுறையை மாற்றிவிடுங்கள். குதிகால் சிவந்து சூடாக இருந்தால், கொப்புளம் வருவதற்கு முன்பே பிளாஸ்திரி ஒட்டிவிடலாம்.

குரங்கணிப் பாதையின் அழகு தனிதான். டாப் ஸ்டேஷனிலிருந்து ஒரு காலத்தில் ரோப்வேயில் தேயிலை கீழே இறங்கிய மலை. ஆனால் டாப் ஸ்டேஷனிலிருந்து பஸ் மூணாறுக்குத்தான் போகும். அங்கிருந்து போடி வழியாக மதுரை திரும்புவதற்குள் நள்ளிரவாகிவிடும் என்பதால் இறங்கித்தான் ஆக வேண்டும். சரிவுகள் கிழக்கே பார்த்தவை. காலை வெயில் நேராக விழும், புல்வெளியில் நிழல் கிடையாது. 2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் பிடித்த தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமெடுக்கும். அனல் முன்னே போய் மேலே இருக்கும் புல்லை உலர்த்திவிடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி பாறைக்கோ, ஓடைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

சதுரகிரி மூன்றிலும் பழக்கமான பாதை. வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடி கருப்பர் என்று அடையாளம் வைத்தே நடக்கலாம். வழி தவறுவது அரிது. முதல்முறை ஏறுகிறவர்களுக்கு இதுதான் சரி. இங்கே எமனாக வருவது ஓடைதான். 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. அடிவாரத்தில் வெயில் காயும்போதே மேலே பெய்த மழை பாறைச் சரிவில் வழிந்து நிமிஷத்தில் வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ ஓடைக்குள் இறங்காதீர்கள். கரையேறி உட்கார்ந்தால் போதும். வேகமாக ஏறும் வெள்ளம் வேகமாகவே வடியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ஆபத்து அதிகம்.

அனுமதி மூன்றுக்கும் வேண்டும். 2024 முதல் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதில் இல்லாத தடத்துக்கு, அந்தந்த வனச்சரக அலுவலகம் சரி என்று சொல்லாமல் காலெடுத்து வைக்க வேண்டாம்.

ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், 1 லிட்டரில் கரைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, நெற்றியில் கட்டும் டார்ச், மழைக்கோட்டு. மேலே அடிவாரத்தைவிட 10 டிகிரி வரை குறைந்திருக்கும் என்பதால் ஒரு முழுக்கைச் சட்டையும் வேண்டும். புளியோதரை நல்ல கட்டுச்சோறு. தேங்காய் சேர்ந்தது மதியத்துக்குள் ஊசிப்போகும். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்புத்தூள்.

திரும்பும் நேரத்தைக் கிளம்புமுன் பேசி முடிவு செய்யுங்கள். வந்த வழியே இறங்க வேண்டிய சதுரகிரியிலும் குரங்கணியிலும் பகல் 12 மணிதான் கெடு. வெள்ளகவி ஊரை 12 மணிக்குள் எட்டவில்லை என்றால் வட்டக்கானலை விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கும்பக்கரைக்கு இறங்கிவிடுங்கள்.